வளையாத நெஞ்சம்: கர்ட் ஷூமாக்கர்

ஆட்சிக் கட்டிலில் அமர்ந்தோரை வரலாறு எளிதில் நினைவிற் கொள்கிறது. அதில் அமராமலேயே ஒரு நாட்டின் பொதுவாழ்வுக்கு நெறி காட்டியோரும் உளர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியை மீண்டும் எழுப்பிய கர்ட் ஷூமாக்கர் அத்தகையோருள் ஒருவர். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இன்று போலந்து நாட்டில் அமைந்துள்ள குல்ம் என்னும் ஊரில் 1895 அக்டோபர் 13ஆம் நாள் வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் தாமே முன்வந்து படையிற் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே தம் வலக்கையை இழந்தார். எனினும் மனந்தளராது சட்டமும் பொருளியலும் பயின்றார். 1920இல் ஸ்டுட்கார்ட் நகரில் கட்சி நாளேட்டின் ஆசிரியரானார். 1924இல் வூர்ட்டம்பர்க் சட்டமன்றத்திற்கும், 1930இல் ஜெர்மன் நாடாளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

1932 பிப்ரவரியில் கோயபெல்ஸ் நாடாளுமன்றத்தில் அவர்தம் கட்சியை இழித்துரைத்தபோது, போரில் கையிழந்த அவ்விளைஞர் எழுந்து விடையிறுத்தார். மனிதனுள் உறங்கும் இழிகுணத்தைத் தட்டியெழுப்புவதே நாஜிகளின் அரசியல் என்று அவையிலேயே சாடினார். கொடியோர் முன் உண்மை உரைத்தலைப் பேரறமாகக் கருதும் மரபில் வந்த நமக்கு அத்துணிவின் அருமை நன்கு விளங்கும்.

அத்துணிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1933 ஜூலையில் கைது செய்யப்பட்டார். டாஹாவ் உள்ளிட்ட வதை முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. கொடுமையை எதிர்த்து உண்ணாநோன்பும் மேற்கொண்டார். உடல் முற்றும் நலிந்த நிலையில் 1943இல் விடுவிக்கப்பட்டார். 1944இல் மீண்டும் சிறிது காலம் சிறைப்பட்டார்.

1945 ஏப்ரலில் ஹனோவர் நகரம் நாஜிகளின் பிடியிலிருந்து விடுபட்டதும், இடிபாடுகளுக்கிடையே கட்சிப் பணியைத் தொடங்கினார். சோவியத் பகுதியில் பொதுவுடைமைக் கட்சியோடு தம் கட்சியை இணைக்கும் முயற்சியை உறுதியாக எதிர்த்தார். 1946 மே மாதம் மேற்குப் பகுதிகளில் கட்சித் தலைவரானார். 1948இல் இடக்காலும் அகற்றப்பட்டது. செயலாளர் அன்னமாரி ரெங்கரின் தோளில் சாய்ந்தே பொதுமேடைகளுக்கு வந்தார். அவ்வம்மையாரே 1972இல் மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத்தின் முதற் பெண் தலைவராக உயர்ந்தார்.

1949 தேர்தலில் அடெனாவரின் அணி 31 விழுக்காடும், ஷூமாக்கரின் கட்சி 29 விழுக்காட்டிற்குச் சற்று மிகுதியாகவும் வாக்குகள் பெற்றன. எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த அவர், அவ்வாண்டு நவம்பரில் அடெனாவரை நேச நாடுகளின் அதிபர் என்று இடித்துரைத்ததால் அவையிலிருந்து இடைநீக்கம் பெற்றார். மேற்கு நாடுகளோடு விரைந்து பிணைந்தால் ஜெர்மனியின் பிரிவினை நிலைத்துவிடும் என அஞ்சி, நிலக்கரி, எஃகுக் கூட்டமைப்பையும் எதிர்த்தார். இதில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. 1957இல் அவர்தம் கட்சியே ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக ஒப்பந்தத்தை ஆதரித்தது.

ஆயின் மற்றொன்றில் அவர் காலத்தை முந்தினார். அடெனாவரின் முதல் அரசுரை யூதர்களுக்கு இழைத்த பெருங்கொடுமையைப் போதிய அளவு பேசாதபோது, அக்குறையை அவையில் சுட்டியவர் ஷூமாக்கர். தாம் பட்ட துன்பத்தைப் பெரிதாக்காது, வேற்றுச் சமயத்தார் பட்ட துன்பத்திற்கு நீதி கோரினார். இஸ்ரேலுடனான இழப்பீட்டு ஒப்பந்தம் 1952 செப்டம்பர் 10ஆம் நாள் கையெழுத்தாயிற்று. அதைக் காண அவர் இல்லை. ஆகஸ்டு 20ஆம் நாள் பான் நகரில் மறைந்திருந்தார். 1953இல் அது அவைக்கு வந்தபோது ஆளுங்கூட்டணியில் பலர் ஒதுங்கவும் எதிர்க்கவும் செய்தனர். அவர்தம் கட்சியினர் ஒருமுகமாய் ஆதரித்தனர். எதிர்க்கட்சியின் துணையாலேயே அது நிறைவேறிற்று.

பதவி எய்தாதார் வாழ்வு பயனற்றது என எண்ணும் மாணவச் செல்வங்கள் இவ்வாக்கெடுப்பை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். தம்மவர்க்கு மட்டுமின்றிப் பிறர்க்கும் நீதி கேட்கும் குரலே ஒரு சமுதாயத்தின் உண்மையான உடைமை என்பது நம் துணிபு.