ஐடா ஸ்கடர்: 67 வயதில் வந்த அரசு உத்தரவு... வேலூரும் எக்ஸ்ரே துறையும் மாறிய கதை

கோவையில் எத்தனை ஆஸ்பத்திரி வந்தாலும், நோய் பிடிபடலைன்னா கடைசியா வேலூர் போய்ப் பார்த்துடலாம் என்பவர்கள் மூலனூர், தாராபுரம் பக்கம் இன்னும் உண்டு. அந்த வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவப் படிப்பே 1938 வாக்கில் நின்றுபோக இருந்தது தெரியுமா? காரணம் ஓர் அரசு உத்தரவு. காப்பாற்றியவர் ஐடா ஸ்கடர்.

யார் இவர்?

1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா அமெரிக்க மிஷனரி டாக்டர். அமெரிக்காவில் படித்துவிட்டு திண்டிவனம் வந்திருந்த ஐடாவுக்கு டாக்டராகும் ஆசையே இல்லை. ஒருநாள் இரவு, பிரசவ வலியில் இருக்கும் மனைவியைப் பார்க்க வரச்சொல்லி அடுத்தடுத்து மூன்று பேர் அவரைத் தேடி வந்தார்கள். அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அதன்பிறகுதான் மருத்துவப் படிப்பு. 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1902-ல் வேலூரில் 40 படுக்கை மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கற்றுத் தந்தது எல்.எம்.பி. எனும் டிப்ளமோ. முதல் அணியின் 14 பேரும் 1922-ல் பாஸ்!

உத்தரவு என்ன?

இனி டிப்ளமோ கிடையாது, எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமென்றால் படுக்கைகளைக் கூட்டணும், உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேணும். ஐடாவுக்கு அப்போது 67 வயது. கையில் பணமில்லை.

1941-ல் நிதி திரட்ட அமெரிக்கா போனார். உலகப் போர் நேரம். ஆண்களையும் சேர்த்தால் பணம் வரும் என்ற நிலை வந்தது. பெண்களுக்காகவே கொடுத்து வந்த பழைய நண்பர்கள் சிலர் விலகிப் போனார்கள். தயங்கினாலும் ஐடா ஒத்துக்கொண்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது, 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

சரி, எக்ஸ்ரேவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எக்ஸ்ரே துறைக்கு மெஷின் மட்டும் போதாது. படத்தைப் படித்துச் சொல்லும் டாக்டர், அதைச் சொல்லித்தரும் பேராசிரியர், தினமும் வரும் நோயாளிகள் எல்லாம் வேணும். சின்ன டிப்ளமோ பள்ளிக்கு இது கட்டுப்படியாகாது. கல்லூரியாக வளர்ந்த வேலூரில், ஐடாவின் அண்ணன் மகளான இன்னொரு ஐடா ஸ்கடர் கதிரியக்கத் துறையை வளர்த்தார். புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சையும் அவர் கையில்தான் வளர்ந்தது.

இதில் இழப்பும் இருக்கு. சின்ன ஊர்களில் அன்று வைத்தியம் பார்த்தவர்களில் பலர் எல்.எம்.பி. டாக்டர்களே. அந்தப் படிப்பை நிறுத்தலாமா என்பதில் 1946-ன் போர் கமிட்டி உறுப்பினர்களே ஒத்துப்போகவில்லை. தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் கிராமத்துக்குப் போக டாக்டர் கிடைப்பது கஷ்டமானது.

ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில், 89 வயதில் காலமானார்.

இன்றும் அதே மாதிரி விதிதான்: கதிரியக்கத் துறை இல்லாமல் மருத்துவக் கல்லூரிக்கு அனுமதி கிடையாது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அது பொருந்தும். மூலனூர்க்காரர் ஸ்கேனுக்கு இனி சொந்த மாவட்டத்து மருத்துவக் கல்லூரிக்கே பஸ் ஏறலாம்.