இசைக்கடல் கண்ட ஆபிரகாம் பண்டிதர்

ஒரு கல்லூரி தன் ஜூபிலியைக் கொண்டாடும்போது, தன்னை வளர்த்த பெரியோரை நினைப்பது மரபு. லிங்கநகரிலும் துறைமுகத்தைச் சூழ்ந்த ஏனைய பகுதிகளிலும் இருந்து வந்து திருகோணமலை இந்துக் கல்லூரியிலே பயின்ற நாம், அதன் அதிபராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தரை ஒருநாளும் மறவோம். அவர் 1947இல் வெளியிட்ட யாழ் நூல் தமிழுலகுக்கு ஒரு பெருங்கொடை. அந்நூல் தோன்றுவதற்கு 30 ஆண்டுகள் முன்னரே, பண்டைத் தமிழிசையின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்திலே தேடிக் கண்டவர் ஒருவர் உளர். அவர் சைவருமல்லர், துறவியுமல்லர். தேவாலயத்திலே கிறிஸ்து பெருமானைப் பாடிய இல்லறத்தார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரே அவர்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆந் திகதி, திருநெல்வேலிச் சீமையிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரிலே, முத்துசாமி, அன்னம்மாள் என்போருக்கு மகனாய்ப் பிறந்தார். குடும்பம் எளியது, கல்வியே அவருக்கு வாய்த்த செல்வம். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலே வயலின் வாசிக்கவும் கற்றார். சித்த மருத்துவத்தில் நாட்டங்கொண்டு மூலிகை தேடிச் சுருளி மலைக்குச் சென்றபோது, கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் மலைவாழ் முனிவரைக் குருவாகக் கொண்டதும், பின்னாளில் தம் மருந்துகளுக்கும் நூல்களுக்கும் அக்குருவை நினைவூட்டும் பெயர்களையே இட்டதும் நாம் கருதத்தக்கன. தம் சமயத்தில் உறுதியாய் நின்றவர், பிறரிடத்துள்ள நன்மையைப் பெறக் கூசவில்லை.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சைக்கு வந்து ஆசிரியப் பணி புரிந்தனர். 1890இல் அப்பணியை விட்டுப் பண்டிதர் மருத்துவத்தையே முழுநேரத் தொழிலாக்கினார். மருந்து செய்வதிலும் மனை நடத்துவதிலும் அம்மையார் அவருக்கு வலக்கை போன்றிருந்தார். மருத்துவத்தால் வந்த பொருளைக் கொண்டு, தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்னும் பெருந்தோட்டத்தை அமைத்தார். 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் என்னும் பட்டம் அளித்தது. இத்தனைக்கும் இடையே, கிறிஸ்தவப் பக்திப் பாடல்களைக் கர்நாடக இராகங்களில் இயற்றி, இசை பயில்வோர்க்கு உதவும் வண்ணம் வெளியிட்டும் வந்தார்.

1911இல் பொன்னம்மாள் காலமானார். 29 ஆண்டுகள் உடனிருந்து உழைத்த துணை நீங்கியபோது பண்டிதருக்கு வயது 52. செல்வமும் பட்டமும் பெற்ற ஒருவர், துயரத்தின் பேரால் உலகை வெறுத்து ஒதுங்கியிருந்தாலும் எவரும் குறை கூறியிரார். பண்டிதரோ ஒதுங்கவில்லை. பின்னர் பாக்கியம்மாளை மணந்து, தம் இல்லத்தை மீண்டும் நிலைநிறுத்தினார். அவருடைய பெரும்பணிகள் யாவும் அவ்விழப்புக்குப் பின்னரே நிகழ்ந்தன என்பதை மாணவர்கள் மனங்கொள்வார்களாக.

1912ஆம் ஆண்டு மே மாதம் தஞ்சையிலே சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். சென்னை மியூசிக் அகாடமி தோன்றியது 1928இல். அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, தம் சொந்தச் செலவில் வித்துவான்களை அழைத்து மாநாடுகள் கூட்டினார். அங்கே பெரிதும் ஆராயப்பட்டது சுருதிக் கணக்காகும். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்பது சாரங்கதேவர் வழிவந்த கொள்கை. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் துருவி ஆராய்ந்து, பழந்தமிழர் கொண்டவை சமமான 24 அலகுகள் என்றும், அவற்றுள் இரண்டைக் குறைத்துப் பாடும் வழக்கத்தாலேயே 22 என்னும் கணக்கு எழுந்தது என்றும் வாதிட்டார்.

1916இல் பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய சங்கீத மாநாட்டிலே இக்கொள்கையை எடுத்துரைத்தார். வெறும் சொல்லால் அன்று. அவர் குடும்பத்துப் பெண்மக்களே வீணை இசைத்தும் பாடியும் சபையோர் முன் அதனை விளக்கினர். தாயை இழந்த வீடு இசைக்கூடமாய் மாறியதும், மக்கள் தந்தையின் ஆராய்ச்சித் துணைவராய் வளர்ந்ததும் இதனால் விளங்கும். 1917இல் கருணாமிர்த சாகரம், 1300 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாய், அவருடைய சொந்த அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆந் திகதி பண்டிதர் இறைவனடி சேர்ந்தார். எஞ்சிய ஆராய்ச்சி 1946இல் இரண்டாம் புத்தகமாக வெளிவரக் குடும்பத்தினர் வகை செய்தனர்.

அலகுகளின் எண்ணிக்கையில் பண்டிதரும் விபுலாநந்த அடிகளும் ஒரு முடிபினரல்லர். அடிகள் கொண்டது 22. பண்டிதரின் மைந்தர் வரகுண பாண்டியரும் 1950இல் யாழ் பற்றித் தனி நூலொன்று எழுதித் தம் கருத்தை நிறுவினார். கருத்து வேறுபாடு கல்விக்கு இழுக்கன்று. அதுவே ஆராய்ச்சியை வளர்க்கும் உரம். தேவாலயத்தில் பாடிய ஒருவரும், காவியுடுத்த துறவி ஒருவரும், இளங்கோவடிகளின் காப்பியம் ஒன்றையே விளக்காகக் கொண்டு நடந்தனர். தமிழிசை எச்சமயத்தார்க்கும் உரிய பொதுச் சொத்து என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எம் கல்லூரியில் பயிலும் இளைஞர் பலர் இழப்பை அறிந்த வீடுகளிலிருந்து வருபவர். போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இந்நகர்க்கு விட்டுச்சென்ற துயரம் சிறிதன்று. துயரத்தை மறத்தல் எவர்க்கும் எளிதன்று. ஆயின் அதனோடு கூடவே ஒரு நற்பணியைத் தொடங்கலாம். எஞ்சியிருக்கும் உறவினரையும் அப்பணியிலே சேர்த்துக்கொள்ளலாம். பண்டிதரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.