வானூர்தித் தந்தை ஜே. ஆர். டி. டாட்டா

மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவன் நான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கற்பட்டுக்கு வந்து பயில்கிறேன். கடலோடியின் மகனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆயினும் இந்திய வான் போக்குவரத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் ஜே. ஆர். டி. டாட்டாவின் வாழ்க்கையில் எங்கள் படகு ஒன்றையே நான் கண்டேன்.

அன்னார் 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தை பார்சி, தாய் பிரெஞ்சுப் பெண்மணி. ஆங்கிலக் கால்வாயை 1909இல் விமானத்தில் முதன்முதலாகக் கடந்த பிளேரியோவின் வீடு, பிரான்சுக் கடற்கரையில் இவர்கள் வீட்டுக்கு அருகில் இருந்தது. அங்கே சிறுவனின் நெஞ்சில் பறக்கும் ஆசை வேரூன்றியது. 1929 பிப்ரவரி 10இல் இந்தியாவின் முதல் விமானி உரிமம் அவருக்கே கிடைத்தது.

1929இல், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். 1930இல் டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். எகிப்தின் அபூகீரில் இறங்கியபோது, எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி எஞ்சினியர் பிளக் பழுதாகி நிற்பதைக் கண்டார். தம்மிடமிருந்த மாற்றுப் பிளக்கைத் தந்து உதவினார். ஆஸ்பியே சில மணி நேரம் முந்திப் பரிசை வென்றார். பின்னாளில் நம் விமானப் படைத் தலைவராகவும் உயர்ந்தார். டாட்டாவின் பெருந்தன்மையை எல்லோரும் புகழ்வர். மாற்றுப் பிளக்கை மறவாமல் எடுத்துச் சென்ற முன்னெச்சரிக்கையையே நான் வியக்கிறேன்.

1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் பைகளுடன் சிறு விமானத்தை அவரே ஓட்டி வந்தார். வழிகாட்ட வானொலி கிடையாது. பம்பாயிலிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டு வந்தார். அச்சிறு தொண்டே ஏர் இந்தியாவாக வளர்ந்தது. தலைவரான பின்னும் டாட்டா, பயணியாகச் செல்லும்போதெல்லாம் கண்ட சிறு குறைகளையும் குறித்து வந்து திருத்தச் செய்வார்.

1935இல் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய விமானம் ஒன்று மேலெழுந்த உடனே விழுந்தது. தரையில் நிற்கும்போது வால் தகட்டைப் பிணைக்கும் பூட்டைத் திறக்க மறந்ததே காரணம். கைதேர்ந்தவரும் மறப்பர் என்பதை உணர்ந்து, செய்ய வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதி வைத்துப் படிக்கும் முறையைக் கொண்டு வந்தனர். இன்று எஞ்சினில் தீ, அறையில் காற்றழுத்தக் குறைவு என ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் அதனை வரி வரியாகப் படிப்பார். எஞ்சினை நிறுத்தும் விசையைத் தொடுமுன் இருவரும் சரிபார்ப்பர்.

டாட்டாவின் தலைமைக் காலத்தின் இறுதியில் ஒரு பேரிடி விழுந்தது. 1978 ஜனவரி 1ஆம் நாள் இரவு, பம்பாயிலிருந்து எழுந்த ‘எம்பரர் அசோகா’ விமானம் அரபிக்கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டனர். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவிகளுள் தலைமை விமானியுடையது பழுதுபட்டது. பிற கருவிகளோடு ஒப்பிட்டுத் தெளிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழுது வருவது இயல்பு. அதனை இன்னொரு கண் சரிபார்க்க வேண்டும் என்பதே அத்துயரம் தந்த பாடம்.

1992இல் பாரத ரத்னா பெற்ற டாட்டா, 1993 நவம்பர் 29இல் ஜெனீவாவில் மறைந்தார்.

இனி எங்கள் படகு. சென்ற ஆண்டு என் சித்தப்பாவின் படகு எஞ்சின் நடுக்கடலில் நின்றது. பெட்டியில் மாற்றுப் பிளக் இல்லை. பெட்டியைச் சரிபார்த்து வைப்பது என் பொறுப்பு. தேர்வு நினைவில் நான் மறந்தேன். இருட்டும் வேளையில் வேறொரு குப்பத்துப் படகு வந்து பிளக் தந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்! கரையில் சித்தியின் முகத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை.

இன்று அப்பெட்டியின் மூடியில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. நான் படிப்பேன், சித்தப்பா ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்ப்பார். பிறகே படகு கடலில் இறங்கும்.