குருவிக்கும் கணக்கு, கோலத்துக்கும் கணக்கு: தாம்பரத்துப் பறவைகளைப் பதிவு செய்த கிஃப்ட் சிரோமணி யார்?

மாசி மாதக் காலையில் தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்குள் நடந்து பாருங்கள். ஜிஎஸ்டி சாலையின் ஹாரன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குயில் கூவ ஆரம்பித்திருக்கும். குளிர்காலத்துக்கு வந்த ஆறுமணிக்குருவி இன்னும் ஊருக்குக் கிளம்பியிருக்காது.

இந்தப் பகுதியில் என்னென்ன பறவைகள் இருக்குன்னு பல பத்தாண்டுகளுக்கு முன்பே பட்டியல் போட்டவர் ஒருவர் இருந்தார். அவர் விலங்கியல் பேராசிரியர் இல்லை. கணக்கு வாத்தியார்!

யார் இவர்?

கிஃப்ட் சிரோமணி (1932-1988), கிறிஸ்தவக் கல்லூரியின் புள்ளியியல் துறைத் தலைவராக இருந்தவர். மனைவி ராணி சிரோமணி, கணினி அறிவியலில் பெயர் பெற்ற கணிதப் பேராசிரியர்.

1937-ல் ஜார்ஜ் டவுனில் இருந்து தாம்பரத்துக்கு இடம் மாறிய கல்லூரி இது. 350 ஏக்கருக்கும் மேல் பரந்த வளாகம். அதில் பெரும்பகுதி புதர்க்காடு. சிரோமணி வேலை பார்த்த இடமே பறவைகள் வாழும் இடமாகவும் இருந்தது. தாம்பரம் வட்டாரப் பறவைகளைத் தொகுத்து எழுதினார். வேடந்தாங்கல் நீர்ப்பறவைகள் பற்றியும் எழுதினார்.

பறவையோடு நின்றாரா?

இல்லை. வாசலில் போடும் கோலத்துக்குள் இருக்கும் விதிகளைக் கணினி மொழியில் விளக்கி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மாமல்லபுரம் சிற்பங்கள், சிந்துவெளிக் குறியீடுகள், தமிழ் எழுத்தின் தோற்றம் என்று ஆய்வு விரிந்தது. அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காணும் முயற்சியை 1970-களிலேயே செய்தார். இன்னிக்கு மொபைல் கேமராவைக் காட்டினால் தமிழ் எழுத்தைப் படிக்குதே, அந்தத் துறையின் ஆரம்பகால ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

எல்லாவற்றிலும் அவர் வழி ஒன்றுதான்: கண் முன்னால் இருப்பதைப் பொறுமையாகப் பார்ப்பது, எண்ணுவது, எழுதி வைப்பது.

எழுதி வைத்தால் என்ன லாபம்?

ஒரு பறவையைப் பார்த்தேன் என்பது வெறும் ஞாபகம். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை என்று குறித்துவிட்டால் அது சான்று. முன்பு இருந்த பறவை இப்போது இல்லை என்று சொல்லணும்னா, முன்பு இருந்ததற்குப் பதிவு வேண்டும். அது இல்லாத ஊரில் ஒரு பறவை காணாமல் போனால், காணாமல் போனது என்றே யாருக்கும் தெரியாது.

குளிர்காலத்தின் கடைசி வாரங்கள் இதற்கு நல்ல நேரம். வலசை வந்தவை இன்னும் இருக்கும். உள்ளூர்ப் பறவைகளில் பல குரல் கொடுக்கத் தொடங்கியிருக்கும். இரண்டையும் ஒரே நடையில் குறித்துக்கொள்ளலாம்.

ஏன் இப்போது பேசணும்?

தென்சென்னைப் புறநகரில் ஏரிக்கரை வரை வீடுகள் வந்துவிட்டன. சுருங்கிப்போன பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற, என்ன இருந்தது என்ற பழைய பட்டியல்கள் வேண்டும்.

சிரோமணி 60 வயதைக்கூட எட்டவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை இப்போது யாரும் தொடரலாம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலக அளவிலான கணக்கெடுப்பு நடக்கின்றன. 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் மொபைலில் இபேர்ட் செயலியில் பதிந்தால் போதும். மொட்டை மாடிக் காகமும் கணக்கில் சேரும்.