பாம்புச் செதில் எண்ணிய என்ஜினீயர்



நான் மூணாம் வகுப்பு படிக்கும்போது எங்க வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள்ள ஒரு பாம்பு வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வெள்ளையா பட்டை. கட்டுவிரியன், கட்டுவிரியன் என்று கத்தியது நான்தான். சித்தப்பா ஓடி வந்து கம்பால் அடிச்சுட்டார். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்று பாராட்டினாங்க. எனக்கும் பெருமை தாங்கல.

போன வருஷம் எங்க அறிவியல் சார் ஓநாய்ப் பாம்பைப் பற்றிச் சொன்னார். அதுக்கும் வெள்ளைப் பட்டை உண்டு. ஆனால் மனிதருக்கு ஆபத்தான விஷம் கிடையாது. கட்டுவிரியனுக்குப் பட்டை கழுத்தை விட்டுத் தள்ளித்தான் தெளிவாகும். பெரும்பாலும் இரண்டிரண்டு கோடாக, வால்வரைக்கும் பளிச்சென்று இருக்கும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்துப் பக்கமே பட்டை தொடங்கி, வாலை நோக்கிப் போகப் போக மங்கிவிடும். அதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. அன்னைக்கு நான் அடிக்கச் சொன்னது எந்தப் பாம்பு? எவ்வளவு யோசித்தும் பட்டை எங்கே தொடங்கியது என்று ஞாபகம் வரவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒருத்தரைப் பற்றித் தேடிப் படி என்று மட்டும் சொன்னார். அவர்தான் லாரன்ஸ் கிளாபர்.

கிளாபர் 1883-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியாகோ ஊரில் பிறந்தார். வீட்டில் 12 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மின்சாரப் பொறியியல் படித்து 1908-இல் பட்டம் வாங்கினார். 1911-இல் சொந்த ஊரின் கேஸ், மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 1940-களில் அந்தக் கம்பெனிக்கே தலைவர் ஆனார். விலங்கியல் அவர் கல்லூரியில் படித்த பாடமே இல்லை!

அப்புறம் எப்படிப் பாம்பு வந்தது என்று கேட்கிறீர்களா? சான் டியாகோ விலங்குக் காட்சிசாலை 1916-இல்தான் தொடங்கியது. 1920-களின் தொடக்கத்தில் அங்கே இருந்த சில பாம்புகள் என்ன இனம் என்று தெரியாமல் கிளாபரிடம் கேட்டார்கள். அப்போது அவருக்கு 40 வயது ஆகப் போகிறது. அதிலிருந்து அந்தக் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்கு ஆலோசகர் ஆனார். பகலில் கம்பெனி வேலை, மற்ற நேரமெல்லாம் பாம்பு.

அவர் ஊர்ப்பக்கம் கிங் ஸ்நேக் என்ற பாம்பு உண்டு. நம்ம ஊர் ராஜநாகம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு, இது வேறு. கிங் ஸ்நேக்குக்கு விஷம் கிடையாது. இரையை உடம்பால் சுற்றி இறுக்கிக் கொல்லும். விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பையே பிடித்து விழுங்கும். அந்த விஷம் இதை எளிதில் ஒன்றும் செய்வதில்லை.

இந்தக் கிங் ஸ்நேக்கில் அங்கே இரண்டு விதம் இருந்தது. ஒன்று, உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக வெளிர்ப் பட்டை போட்டது. இன்னொன்று, முதுகில் தலையிலிருந்து வால்வரை நீளமாக ஒரே ஒரு கோடு போட்டது. கோடு போட்டதற்கு 1835-இலும், வளையம் போட்டதற்கு 1853-இலும் விஞ்ஞானிகள் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் வேறு வேறு இனம் என்றே எண்ணப்பட்டது. பார்த்தால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்?

கிளாபர் கண்ணை மட்டும் நம்பவில்லை. இரண்டு விதப் பாம்புகளின் செதில்களையும் வரிசை வரிசையாக எண்ணினார். உடம்பு அமைப்பில் வித்தியாசம் கிடைக்கவில்லை, கோலம்தான் வேறு. பிறகு தாய்ப் பாம்பு இட்ட முட்டைகளைப் பொரிக்க வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வளையம் போட்ட குட்டியும் வந்தது, கோடு போட்ட குட்டியும் வந்தது! ஒரே அம்மா வயித்துல பிறந்த அண்ணன் கறுப்பாகவும் தம்பி சிவப்பாகவும் இருப்பதில்லையா, அது மாதிரிதான். இதை 1936-இல் அவர் கட்டுரையாக வெளியிட்டார். பல வருஷமாக இருந்த குழப்பம் தீர்ந்தது.

இன்னொரு வேலையும் செய்தார். ராத்திரியில் பாலைவனச் சாலைகளில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். ரோட்டுக்கு வந்து கிடக்கும் பாம்புகள் விளக்கு வெளிச்சத்தில் தெரியும். நாள், நேரம், வெப்பம் எல்லாம் குறித்துக்கொள்வார். அபூர்வம் என்று புத்தகங்கள் சொன்ன சில பாம்புகள் நிறையவே இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவை அபூர்வம் இல்லை, பகலில் தேடியதுதான் தப்பு!

அவர் சேர்த்த 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் சான் டியாகோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பற்றி 1956-இல் இரண்டு பாகமாகப் பெரிய நூல் எழுதினார். ஆயிரம் பக்கத்துக்கு மேல்! பாம்பைப் பற்றி மக்கள் சொல்லும் கதைகளையும் அதில் சேர்த்து, எது உண்மை, எது கட்டுக்கதை என்று பிரித்துக் காட்டினார். 1968 மே 8 அன்று 84-ஆம் வயதில் காலமானார்.

நண்பர்களே, இவரைப் பற்றிப் படித்ததும் ஒன்று புரிந்தது. இரண்டு பாம்பு ஒன்றா வேறா என்று சொல்ல அவர் செதிலை எண்ணினார், முட்டை பொரியும்வரை காத்திருந்தார். நான் ஒரே நொடியில் பெயர் சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு ஓர் உயிர் போய்விட்டது. அது ஓநாய்ப் பாம்பா, கட்டுவிரியனா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சித்தப்பா அன்னைக்கே அதை எரிச்சுட்டார்.

அதுக்காகப் பாம்பின் பக்கத்தில் போய்ப் பட்டையை எண்ணாதீங்க! தள்ளி நில்லுங்க, பெரியவங்களைக் கூப்பிடுங்க. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யச் சொல்லுங்க. யாரையாவது கடித்துவிட்டால் எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டிருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்க. தெரியாத பாம்புக்குப் பெயர் மட்டும் வைக்காதீங்க. நானும் இனி வைக்க மாட்டேன்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்