நியூயார்க்கின் சிறுமலர்

நியூயார்க் நகரின் வானூர்தி நிலையங்களுள் ஒன்று லா கார்டியா என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயருக்கு உரியவர், 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அந்நகரின் மேயராகப் பணியாற்றிய ஃபியோரெல்லோ லா கார்டியா. ஐந்தடி இரண்டு அங்குல உயரம், பருத்த உடல், கீச்சென்ற குரல், எளிதில் மூளும் சினம் எனத் தோற்றத்திலும் இயல்பிலும் மக்களைக் கவரும் தலைவருக்குரிய அடையாளம் எதுவும் அவரிடம் இல்லை. ஆயினும் அந்நகர மக்கள் அவரை மூன்று முறை மேயராகத் தேர்ந்தெடுத்தனர். ஃபியோரெல்லோ என்னும் இத்தாலியச் சொல்லுக்குச் சிறுமலர் என்பது பொருள். மக்கள் அவரை அப்பொருள்படவே அழைத்து மகிழ்ந்தனர்.

அவருடைய தந்தை அக்கீலே, தென் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய இசைக்கலைஞர். தாய் ஐரீன், அன்றைய ஆஸ்திரிய - அங்கேரியப் பேரரசின் துறைமுக நகரான திரியெஸ்தேயைச் சேர்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இவ்விருவரின் மகனாக 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கில் ஃபியோரெல்லோ பிறந்தார். தந்தை அமெரிக்கப் படையின் இசைக்குழுத் தலைவராகப் பணியேற்றதால், மகனின் இளமை அரிசோனாவின் படை முகாம்களில் கழிந்தது. அங்கு ஒரு நாள், குரங்குடன் இசைப்பெட்டி சுழற்றிப் பிழைக்கும் இத்தாலியர் ஒருவர் ஊருக்குள் வந்தார். அவரைக் கண்ட சிறுவர்கள், அவரோடு சேர்த்து ஃபியோரெல்லோவையும் இனப்பெயர் சொல்லி எள்ளி நகையாடினர். அந்த வடு அவர் நெஞ்சில் ஆறவேயில்லை. பின்னாளில் மேயரானதும் இசைப்பெட்டிக்காரர்களுக்குத் தெருவில் இசைக்க உரிமம் வழங்குவதை நிறுத்தினார். தம்மை நோகச்செய்த ஏளனத்தை நீக்க எண்ணியவர், ஏழைகள் சிலரின் பிழைப்பை நீக்கினார் என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது, கெட்டுப்போன இறைச்சியை உண்டு தந்தை நோயுற்றார். படைக்கு உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர்களின் பேராசையே அதற்குக் காரணம் என மகன் நம்பினார். படைப்பணியை இழந்த தந்தை, குடும்பத்துடன் திரியெஸ்தேக்குத் திரும்பி 1904இல் மறைந்தார். பொதுப்பணத்தைக் கொள்ளையிடுவோர்மீது லா கார்டியா வாழ்நாள் முழுதும் காட்டிய சினத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இருபது வயதை எட்டும் முன்பே அவர் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகங்களில் பணிக்குச் சேர்ந்தார். பின்னர் ஃபியூமே துறைமுகத்தில் பொறுப்பேற்றார். நிலத்தையும் மாட்டையும் விற்றுக் கப்பலேறிய உழவர் பலர், நோய் இருப்பதாக அமெரிக்கக் கரையில் கண்டறியப்பட்டு வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டனர். கப்பல் நிறுவனங்களுக்கோ பயணக் கட்டணம் கிடைத்தால் போதும். இதைக் கண்ட லா கார்டியா, பயணிகளைக் கப்பலேறும் முன்பே மருத்துவர் சோதிக்கவேண்டும் எனப் பிடிவாதமாக நின்றார். சோதனையின்றிச் சான்றிதழில் கையொப்பமிட மறுத்தார். ஒருமுறை ஆஸ்திரிய அரச குடும்பத்துப் பெண்மணி ஒருவர், ஏழைகள் கப்பலேறும் காட்சியைக் காண விரும்பினார். அவருடைய வசதிக்காகப் பயணிகளைக் குறித்த நாளுக்கு முன்பே ஏற்றிவிட அதிகாரிகள் முனைந்தனர். அடித்தளத்து நெரிசலில் மக்கள் வீணாகக் கிடந்து வாடவேண்டும் என்பதால் அந்த இளைஞர் அதற்கு இசையவில்லை. மேலிடத்தின் வெறுப்பை ஈட்டித் தந்தாலும், அவர் எத்தகையவர் என்பதை அந்நிகழ்வு முன்னரே காட்டிவிட்டது.

1906இல் நியூயார்க் திரும்பியவர், மறு ஆண்டு எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். குடியேற வருவோரைச் சோதித்து அனுமதிக்கும் வாயில் அத்தீவு. 1907இல் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியே நுழைந்தனர். பகலில் இத்தாலியரும் குரோவாசியரும் சொல்வதை அதிகாரிகளுக்கு விளக்குவதும், இரவில் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயில்வதுமாக மூன்றாண்டுகள் கழிந்தன. மணமகனை நாடித் தனியே வந்த பெண்கள், சில வேளைகளில் திருமணம் முடித்த பின்னரே நகருக்குள் விடப்பட்டனர். அவர்களை நகர மன்றத்துக்கு அழைத்துச் செல்வதும் மொழிபெயர்ப்பாளரின் கடமை. அங்குத் திருமணம் செய்துவைத்த மன்ற உறுப்பினருள் சிலர் குடித்துவிட்டு, மொழி புரியாத மணமக்களின் எதிரிலேயே இழிசொற்களைக் கூறிச் சிரித்தனர். அச்சொற்களின் பொருள் தெரிந்தும் எதுவும் செய்ய இயலாமல் நின்றார், பின்னாளில் அதே கட்டடத்தில் மேயராக அமரவிருந்த மொழிபெயர்ப்பாளர்.

அவ்வுறுப்பினர்களை வளர்த்தது தம்மனி மன்றம் என்னும் கட்சி அமைப்பு. வாக்களிப்போருக்கு வேலையும் நிலக்கரியும் வழங்கி, அதற்கு ஈடாக நகர ஆட்சியையே அது கைக்கொண்டிருந்தது. புதிதாக வந்த ஏழைக்கு முதலில் கைகொடுத்ததும் அவ்வமைப்புதான் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்த உதவி, உரிமையாக அன்றிச் சலுகையாகவே கிடைத்தது. லா கார்டியா எதிர்த்தது இதனைத்தான்.

1910இல் வழக்கறிஞரானார். ஆடைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்களுக்குத் துணைநின்றார். 1916இல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வு பெற்றார். முதல் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் வானூர்திப் படையில் பணியாற்றினார். 1921ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயரைக் கொணர்ந்தது. கைக்குழந்தையும் மனைவி தெயாவும் அவ்வாண்டிலேயே அடுத்தடுத்து மறைந்தனர். மேயர் தேர்தலுக்கான முயற்சியும் தோல்வியுற்றது. எனினும் மறு ஆண்டே மீண்டும் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். அவர் யூதரை வெறுப்பவர் என எதிர்த்தரப்பு பரப்பியது. யூதரான எதிர்வேட்பாளரை, யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷிலேயே பொதுமேடையில் வாதிட வருமாறு லா கார்டியா அழைத்தார். அம்மொழியில் பேசும் திறன் எதிர்வேட்பாளருக்கு இல்லை! வென்றவர் லா கார்டியாவே. 1932இல் அவரும் நாரிஸ் என்னும் உறுப்பினரும் கொணர்ந்த சட்டம், வேலைநிறுத்தங்களை நீதிமன்ற ஆணைகளால் ஒடுக்கும் வழக்கத்துக்குக் கடிவாளமிட்டது.

ஊழல் விசாரணையால் மேயர் ஜிம்மி வாக்கர் 1932இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் லா கார்டியா வென்றார். ஏறத்தாழ 70 இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அப்போது பெருமந்தத்தில் சிக்கிக் கடனில் மூழ்கியிருந்தது. வேலையற்றோர் உணவுக்காக வரிசையில் நின்றனர். அவர் குடியரசுக் கட்சியினர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மக்களாட்சிக் கட்சியினர். இவ்வேறுபாடு இருவருக்கும் இடையூறாகவில்லை. வரைபடங்களை அணியமாக வைத்துக்கொண்டு வாஷிங்டனுக்குச் சென்ற மேயர், நிதியுடன் திரும்பினார். பாலங்களும் பூங்காக்களும் மருத்துவமனைகளும் ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புகளும் எழுந்தன. நகரப் பணிகளுக்குப் பரிந்துரைக்கு மாற்றாகப் போட்டித்தேர்வு விரிவாக்கப்பட்டது. குடியேறியோரின் பிள்ளைகள் பலர் அதன்வழியே அரசுப் பணி பெற்றனர்.

அவர் எதையும் ஒரு காட்சியாக்கிக் காட்ட வல்லவர். சூதாட்டப் பொறிகளைச் சம்மட்டியால் தாமே உடைத்தார். இத்தாலியர் விரும்பி உண்ணும் ஆர்ட்டிசோக் என்னும் காயின் வணிகத்தைக் கொள்ளைக்கூட்டம் ஒன்று வளைத்து விலையை உயர்த்தியபோது, 1935 டிசம்பரில் விடியுமுன் சந்தைக்குச் சென்று அதன் விற்பனைக்கே தடை அறிவித்தார். விலை இறங்கவும் சில நாள்களில் தடையை விலக்கினார். 1945இல் செய்தித்தாள் வினியோகிப்போர் வேலைநிறுத்தம் செய்தபோது, குழந்தைகள் ஏமாறக்கூடாதென வானொலியில் படக்கதைகளைப் படித்துக் காட்டினார்.

குறைகளும் அவரிடம் இருந்தன. ஊழியரைக் கடிந்து பேசுவார். 1935இல் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் சினம் கலவரமாக வெடித்தபோது ஆய்வுக்குழு அமைத்தார்; அக்குழு காவல்துறையின் கொடுமையையும் வேலையில் காட்டப்பட்ட பாகுபாட்டையும் சுட்டியதும் அறிக்கையை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். பிறர் மறைத்தவற்றை வெளிக்கொணர்ந்தே புகழ்பெற்ற ஒருவருக்கு இது அழகன்று.

பதவிக்காலம் முடிந்த பின், 1946இல் போரால் சிதைந்த நாடுகளுக்கு உணவும் மருந்தும் வழங்கும் உலக அமைப்பின் தலைமையை ஏற்றார். அவ்வேளையில் அவருடைய உடன்பிறந்தாள் ஜெம்மா ஐரோப்பாவில் ஏதிலியாக நின்றார். அங்கேரிய யூதரை மணந்து புடாபெஸ்டில் வாழ்ந்த அவரை, நாஜிகள் 1944இல் கைதுசெய்து ராவென்ஸ்புருக் வதைமுகாமில் அடைத்திருந்தனர். கணவர் மற்றொரு முகாமில் மாண்டார். நியூயார்க்கில் பிறந்தவராயினும், அயல்நாட்டவரை மணந்ததால் ஜெம்மா அமெரிக்கக் குடியுரிமையை இழந்திருந்தார். லா கார்டியாவின் ஒரு சொல் வாயிலைத் திறந்திருக்கக்கூடும். ஆனால் அதே நிலையில் இலட்சக்கணக்கானோர் காத்திருக்கையில் தம் குடும்பத்துக்கு மட்டும் தனிவழி கேட்க அவர் மறுத்தார். மகளுடனும் பேரனுடனும் ஜெம்மா தம் முறைக்காகக் காத்திருந்தார். 1947 மே மாதத்தில்தான் அவர்கள் நியூயார்க் சேர்ந்தனர். நான்கு மாதங்களில், செப்டம்பர் 20ஆம் நாள், லா கார்டியா புற்றுநோயால் காலமானார். ஜெம்மா குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில், தம் உடன்பிறந்தார் மேயராக இருந்தபோது ஏழைகளுக்கென நகரம் கட்டிய வீடுகளுள் ஒன்றில், 1962இல் தாம் மறையும்வரை வாழ்ந்தார்.