சீனத்தைத் தம் வீடாக்கிய வைத்தியர்

நம் மதுரைக்குத் தென்மேற்கே ஐந்து மைல் தொலைவிலுள்ள திருப்பரங்குன்றத்தின்மேல் விடுமுறை நாளில் ஏறிச்சென்ற மாணவர், ஆங்குள்ள குகைத்தளத்திற் பாறையிலே செதுக்கப்பட்ட கற்படுக்கைகளைக் கண்டிருப்பர். ஏறக்குறைய 2000 ஆண்டுகட்கு முன் ஆங்குப் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துக்களில், எருக்காட்டூரிலிருந்த ஈழத்துக் குடும்பிகன் ஒருவனுடைய பெயர் காணப்படுகின்றது என்பர் அறிஞர். பிறந்த நாடு ஒன்றும் வாழ்ந்த நாடு மற்றொன்றுமாக அமைதல் நம் பக்கத்தார்க்குப் புதிதன்று. ஆயினும், அந்நிய நாட்டிற் சென்று தங்குதல் வேறு. அந்நாட்டார் உணவை உண்டு, அவர் மொழியைப் பேசி, அவர் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொண்டு அவருள் ஒருவனாதல் வேறு. இவ்விரண்டாவதைச் செய்துகாட்டிய இந்திய இளைஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ் என்பார் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள், ஷோலாப்பூரில், நடுத்தர வாழ்வுடைய மராத்தியக் குடும்பமொன்றிற் பிறந்தார். பம்பாயிலுள்ள சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியிற் பயின்று வைத்தியப் பட்டம் பெற்றார். மேற்படிப்பும், அதன்பின் செல்வமும் புகழும் தரவல்ல தொழிலும் அவர் எதிரே இருந்தன.

அக்காலை, 1937-ஆம் ஆண்டு ஜூலையில், ஜப்பானியர் சீனத்தின்மேற் பெரும்போர் தொடுத்தனர். காயமுற்றோர்க்கு மருந்திடுவாரின்றி வருந்திய சீனர், இந்தியாவினின்று வைத்தியர்களை அனுப்புமாறு வேண்டினர். 1938-இல் காங்கிரஸ் மகாசபையின் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் அதன்பொருட்டு நாட்டு மக்களிடம் பொருளுதவி கோரினார். தாமே அடிமைப்பட்டிருந்த மக்கள் பிறர் துயர்க்கு இரங்கிப் பொருள் ஈந்தனர். அடல், சோல்கர், பாசு, முகர்ஜி, கோட்னிஸ் என்னும் ஐவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரிற் பம்பாயினின்று கப்பலேறினர். அவ்வேளை கோட்னிஸுக்கு வயது 27.

காண்டன் துறைமுகத்தில் இறங்கிய ஐவரும் ஹாங்கௌ முதலிய நகரங்களிற் பணிபுரிந்து, சுங்கிங் சேர்ந்தனர். வடக்கு நோக்கிப் புறப்படுமுன், தந்தையார் காலமான செய்தி கோட்னிஸை எட்டிற்று. மைந்தன் திரும்பிச் சென்றிருப்பின் குறைகூறுவார் எவருமிலர். குடும்பக் கடன் ஒருபுறமும், ஏற்றுக்கொண்ட பணி மற்றொருபுறமும் இழுக்க, அவர் துக்கத்தை உள்ளடக்கிக்கொண்டு வடக்கே செல்லவே துணிந்தார்.

1939-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர்கள் யேனான் அடைந்தனர். ஆங்கு மக்கள் மண்குன்றுகளைக் குடைந்த குகைகளிலே வாழ்ந்தனர். வைத்தியசாலையும் குகைகளிலேயே அமைந்திருந்தது. நம் நாட்டில் முருகனுக்குத் தேனொடு படைக்கும் தினை, அவ்வடநாட்டில் ஏழை எளியார்க்கு அன்றாட உணவாகும். போர்வீரரும் தினைச்சோறும் தினைக்கஞ்சியுமே உண்டனர். குளிர்காலத்தில் நீர் உறையும். அவ்வூர்ப்புறங்களில், அடுப்பின் வெம்மை உள்ளே புகுந்து செல்லுமாறு கட்டிய மண்மேடையே படுக்கையாகும். இவற்றுக்கெல்லாம் உடல் பழகுதல் ஓரளவு எளிது. மொழியோ பெருந்தடையாயிற்று. சீனத்தில் ஓரசையை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருளும், இறக்கிச் சொன்னால் வேறொரு பொருளும் தோன்றும், எழுத்துக்களோ ஆயிரக்கணக்கின. நோயாளி தன் நோவை எடுத்துரைக்கும்போது இடையே மொழிபெயர்ப்பாளன் நின்றால், வைத்தியம் பாதியே பயன்படும். இதனையுணர்ந்த கோட்னிஸ் அம்மொழியை விடாது பயின்று, நாளடைவில் அதிலேயே மாணவர்க்குப் பாடம் சொல்லும் தேர்ச்சி பெற்றார். கோ திஹுவா என்னும் சீனப் பெயரையும் பூண்டார்.

பின்னர் அவர் போர்முனையை அடுத்த மலைப்பிரதேசத்துக்குச் சென்றார். கனடா தேசத்துப் பேர்பெற்ற வைத்தியர் நார்மன் பெத்யூன் அவ்விடத்தே தொண்டாற்றி, 1939-ஆம் ஆண்டு நவம்பரில் இறந்திருந்தார். அவர் பெயரால் நிறுவிய வைத்தியப் பள்ளியிற் கோட்னிஸ் ஆசிரியரானார். 1941-ஆம் ஆண்டு ஜனவரியில், பெத்யூன் சர்வதேச சமாதான வைத்தியசாலையின் தலைவராக நியமனம் பெற்றார். பகைவர் நெருங்கும்போதெல்லாம் நோயாளிகளோடும் கருவிகளோடும் ஓரிடம் விட்டு வேறிடம் பெயரவேண்டியிருந்தது. 1940-இல் நிகழ்ந்த ஒரு பெரும்போரில் 72 மணி நேரம் உறங்காது ரணசிகிச்சை செய்தாரென்றும், காயமுற்றோர் 800-க்கு மேற்பட்டோர்க்கு மருந்திட்டாரென்றும் கூறுவர்.

அப்பள்ளியிலே செவிலியர்க்குப் பயிற்சி அளித்துவந்த குவோ சிங்லான் என்னும் நங்கையை அவர் 1941-இன் இறுதியில் மணந்தார். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. இந்தியாவைக் குறிக்கும் யின் என்னும் சொல்லையும் சீனத்தைக் குறிக்கும் ஹுவா என்னும் சொல்லையும் இணைத்து, யின்ஹுவா எனப் பெயரிட்டனர். இரண்டு நாடுகளும் அக்குழந்தையின் பெயரில் ஒன்றாயின.

ஆயின் அவ்வின்பம் நீடிக்கவில்லை. ஓயாத உழைப்பால் நலிந்த அவருடலை வலிப்புநோய் பற்றியிருந்தது. வேறிடஞ் சென்று சிகிச்சை பெறுமாறு பிறர் கூறியும் அவர் பணியை விட்டகலவில்லை. ரணசிகிச்சை பற்றிச் சீனமொழியில் அவர் எழுதிவந்த நூல் முற்றுப்பெறுமுன், 1942-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் உயிர்நீத்தார். வயது 32, மகனுக்கு மாதம் நான்குகூட நிரம்பவில்லை. ஐவருள் நால்வர் தாயகம் திரும்பினர், ஒருவர் திரும்பவில்லை.

அவர் உடல் பிற்காலத்தில் ஷிஜியாஜுவாங் நகரத்துத் தியாகியர் கல்லறைத் தோட்டத்திற்கு மாற்றப்பெற்றது. அவர் கதையை வி. சாந்தாராம் 1946-இல் திரைப்படமாக்கினார். மகன் யின்ஹுவா தந்தையின் தொழிலையே விரும்பி வைத்தியம் பயின்று, 1967-இல் இளமையிலேயே மாண்டான். மனைவியார் 2012 வரை வாழ்ந்து, பலமுறை இந்தியா வந்து கணவரின் உறவினரைக் கண்டு சென்றார். 1962-இல் இரு நாடுகளும் தம்முட் பொருத காலமும் ஒன்றுண்டு. எனினும் கோட்னிஸின் பெயர் இரு நாட்டிலும் அழியாது நிற்கின்றது.

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறுவோர் பலர் கல்விக்கும் தொழிலுக்குமாகக் கடல்கடந்து செல்கின்றனர். நம் ஊர்ச் சோறும் நம் மொழிப் பேச்சும் கிட்டாவிடத்து மனந்தளர்தல் இயற்கையே. அவ்வமயம் குகையிலமர்ந்து தினைக்கஞ்சி அருந்தி, சீன எழுத்துக்களை ஒவ்வொன்றாக எழுதிப் பழகிய ஷோலாப்பூர் இளைஞரை நினைத்தல் நன்று. தம் வசதியை நாடி அவர் அந்நாட்டைத் தம் வீடாக்கிக்கொண்டாரல்லர். அந்நாட்டார்க்குப் பயன்படவேண்டின் அவருள் ஒருவராதல் வேண்டும் என்று கண்டார். ஆகவே அவருள் ஒருவரானார்.